ஐந்து வகைச் சோறும் ஒரு கல்லீரலும்

கீரப்பாளையத்தில் எனக்கு ஒரு உரக்கடை இருக்கிறது. இருபது வருடமாக நெல்லுக்கு என்ன சத்து வேண்டும், எப்போது வேண்டும், எவ்வளவு வேண்டும் என்று சுற்றுவட்டாரத்துக்கே பாடம் நடத்திக்கொண்டிருக்கிறேன். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து மூன்றும் எனக்கு விரல் நுனியில். யூரியாவை அள்ளிக் கொட்டுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. "பயிரு கரும்பச்சையா நிக்குதுன்னு சந்தோசப்படாதீங்க. எல்லாம் ஊதல். ஒரு காத்தடிச்சா படுத்துக்கும்" என்று திட்டிவிட்டுத்தான் மூட்டையை எடுத்துப் போடுவேன். திட்டு வாங்குகிறவர்கள் என் தொப்பையை ஒருமுறை பார்ப்பார்கள். நான் கண்டுகொள்ள மாட்டேன்.

தொப்பை சும்மா வரவில்லை. சிதம்பரத்தில் வீட்டில் எட்டு இட்லி, கடைக்கு வந்ததும் டீயோடு இரண்டு வடை, மதியம் கேரியர் நிறையச் சோறு, சாயந்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏதாவது ஒன்று, ராத்திரி தோசை. இதற்கு நடுவில் யாராவது கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லி மனதைப் புண்படுத்துகிற பழக்கம் எனக்கு இல்லை.

இதெல்லாம் சாதாரண நாள் கணக்கு. சரக்கு விஷயமாகக் கடலூர் போகிற நாள் என்றால் மஞ்சக்குப்பத்தில் அக்கா வீட்டில் சாப்பாடு. அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வகுப்பில் அரை மார்க்குக்கு அரை மணி நேரம் சண்டை போடுகிறவள், எனக்குச் சோறு போடும்போது மட்டும் எண்ணிக்கையை மறந்துவிடுவாள். துறைமுகத்தில் விடியற்காலையில் வாங்கின மீன், அதில் குழம்பு ஒன்று, வறுவல் ஒன்று. போதும் என்று கையைக் குறுக்கே வைத்தால் கைமேலேயே சோற்றைக் கொட்டுவாள். மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், எதிரே உட்கார்ந்து இரண்டு சப்பாத்தியை மென்றுகொண்டு என்னைப் பார்ப்பார். அவர் ஒல்லி. காற்றில் காயப்போட்ட வேட்டி மாதிரி இருப்பார். "மச்சான், வண்டில லோடு ஏத்துற மாதிரி ஏத்துறியே, ஆக்ஸில் தாங்குமா?" என்பார்.

அக்காவுக்கு உடம்புக்கு வந்தது இரண்டு வருடத்துக்கு முன்னால். முதலில் அசதி என்றாள், பிறகு அரிப்பு என்றாள். கண் மஞ்சளாகிப் போன பிறகுதான் பெரிய டாக்டரிடம் போனார்கள். உடம்பைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே கல்லீரலை எதிரி என்று நினைத்துத் தாக்குகிற வியாதியாம். கல்லீரல் வியாதி என்று சொன்னதும் சொந்தக்காரர்களில் சிலர் மாமாவை ஓரமாகக் கூப்பிட்டு, "டீச்சருக்கு அந்தப் பழக்கமெல்லாம் உண்டா?" என்று கேட்டார்கள். டீக்கு மேல் எதையும் தொடாத பெண்ணைப் பற்றி இப்படிக் கேட்டவர்களை இன்றைக்கும் எங்காவது பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மாத்திரையில் ஒரு வருடம் ஓடியது. ஒருநாள் எட்டாம் வகுப்பில் கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவள் பாதியில் நின்றுவிட்டாள். ஏழெட்டு எவ்வளவு என்று அவளுக்கு வரவில்லை. பிள்ளைகள் முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்திருக்கிறார்கள். பிறகு பயந்துபோய் ஹெட்மாஸ்டரைக் கூப்பிட்டு வந்திருக்கிறார்கள்.

சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்களை உட்காரவைத்து விளக்கினார். பருப்பு, முட்டை, மீன் எல்லாவற்றிலும் புரதம் இருக்கிறது. உடம்பு அதைச் சின்னச் சின்னதாக உடைத்துச் சதை கட்டுகிறது, ரத்தம் கட்டுகிறது, தேய்ந்துபோன இடத்தைப் பழுது பார்க்கிறது. மிச்சமானதை உடைக்கும்போது அமோனியா வருகிறது. அது விஷம். கல்லீரல் அந்த அமோனியாவை யூரியாவாக மாற்றிவிடும், யூரியா சிறுநீரில் போய்விடும். "இவுங்க கல்லீரலால அது முடியல. அமோனியா மூளைக்குப் போயிடுது. அதான் ஏழெட்டு மறந்துபோச்சி" என்றார்.

"யூரியாவா சார்?" என்றேன். "ஆமா, யூரியாதான்" என்றார். குடோனில் கூரை வரைக்கும் யூரியா அடுக்கிவைத்திருக்கிறேன். என் அக்காவின் உடம்பு ஒரு நாளைக்கு ஒரு கைப்பிடிகூட அதைச் செய்யமுடியாமல் தவிக்கிறது. வியாபாரத்தில் எனக்கு முதல்முறையாக வெறுப்பு வந்தது அன்றைக்குத்தான்.

மாற்றுக் கல்லீரல் வைத்தால்தான் பிழைப்பாள் என்றார்கள். சொந்தத்தில் ஒருவர் தன் கல்லீரலில் பாதிக்கு மேல் வெட்டிக் கொடுக்கலாம், இரண்டு பேருக்கும் சில மாதத்தில் வளர்ந்துவிடும். மாமாவின் ரத்த வகை சேரவில்லை. அவர்களுடைய ஒரே மகளுக்கும் அப்பாவின் வகைதான். என்னுடையது சேர்ந்தது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எவ்ளோ வேணும்னாலும் எடுத்துக்கங்க சார், எங்கிட்ட எல்லாமே ஜாஸ்தி" என்றேன். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர், "ஜாஸ்தியாத்தான் இருக்கு. ஆனா அது கொழுப்பு" என்றார். அவ்வளவு கொழுப்பு படிந்த கல்லீரலை வெட்டினால் எனக்கும் ஆபத்து, அவளுக்கும் வேலை செய்யாது. எட்டு வாரத்தில் குறைத்துக்கொண்டு வரச் சொன்னார். நாலாவது வாரம் ஒரு ஸ்கேன்.

அடுத்த அறையில் டயட்டீஷியன், என் மகள் வயசுப் பெண். ஒரு தட்டுப் படத்தை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேசியது. தட்டில் பாதி காய், கால்வாசி புரதம், கால்வாசிதான் சோறு. சாப்பிடும் முன் தட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்ப வேண்டும். நான் அந்தப் பெண்ணை நடுவில் நிறுத்தி, "பாப்பா, நானே சத்து விக்கிறவன்தான். எனக்கே பாடமா?" என்றேன். அது சிரிக்கவில்லை. மாமா என் தொடையைக் கிள்ளினார்.

எனக்குக் கிடைத்த செய்தி ஒரே வரிதான்: கொழுப்பு இருக்கிறது, குறைக்க வேண்டும். ரயிலில் திரும்பி வரும்போதே முடிவு செய்துவிட்டேன். கொழுப்பு எதிலிருந்து வரும்? கொழுப்பிலிருந்துதான் வரும். இதற்கு எதற்கு ஒரு படிப்பு? ஆட்டுக்கறி, முட்டை, மீன், நெய், எண்ணெய், வடை எல்லாவற்றையும் அன்றோடு தலைமுழுகினேன். என் வீட்டுக்காரிக்கு நம்பமுடியவில்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் வடையைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டது அவளுக்குப் புதுசு.

அதற்குப் பதிலாக என்ன சாப்பிட்டேன் என்று கேட்க வேண்டும். இட்லி. ஆவியில் வெந்தது, ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது, எனவே பன்னிரண்டு. மதியம் ரசம் சோறு, குவியலாக. சாயந்திரம் வடை இல்லாத ஏக்கத்துக்குச் சாத்துக்குடி ஜூஸ், இரண்டு கிளாஸ். பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் வந்தது. பழத்தில் ஏது கொழுப்பு? கடைக்கு வருகிறவர்கள் என் தியாகத்தைக் கேள்விப்பட்டுக் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தார்கள். அக்காவுக்காக வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

போட்டோ விஷயத்தில் கொஞ்சம் திருட்டுத்தனம் செய்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு நாள் நிதானமாக உட்கார்ந்து, ஒரு கப் சோறு, பொரியல், கீரை எல்லாம் அழகாக வைத்து ஒரு போட்டோ எடுத்தேன். அது நன்றாக அமைந்துவிட்டது. அவ்வளவு நல்ல போட்டோவை ஒரே நாளில் வீணாக்க மனசு வரவில்லை.

மூன்றாவது வாரம் சேத்தியாத்தோப்பிலிருந்து என் சித்தி வந்து இறங்கினாள். எங்கள் குடும்பத்தில் விசேஷம், துக்கம் எதுவானாலும் சித்தி சொன்னதுதான் சட்டம். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வயித்தக் கிழிக்கப் போறாங்க இவன. புள்ளத்தாச்சிக்குக் கட்டுச்சோறு போடுறோம்ல? இவனுக்கும் போடணும். ஆசப்பட்டத குடுக்காம அறுக்க அனுப்புனா குத்தம்" என்றாள். எங்கள் பக்கம் கர்ப்பிணிக்கு ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ சொந்தக்காரப் பெண்கள் வகைவகையாகச் சோறு கிளறி எடுத்துவந்து பரிமாறுவார்கள். நாற்பத்தேழு வயசு ஆம்பளைக்கு அது நடந்ததாகச் சரித்திரத்தில் இல்லை. நான் எதிர்ப்புத் தெரிவித்தேன், ஆனால் அவ்வளவு பலமாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் என் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். எலுமிச்சைச் சோறு, புளிச்சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச் சோறு, சர்க்கரைப் பொங்கல். ஐந்து வகை, ஐந்து வீட்டிலிருந்து. கறி, முட்டை எதுவும் கூடாது என்ற என் விரதத்தை எல்லோரும் மதித்தார்கள். என்னை நாற்காலியில் உட்காரவைத்து, சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, தட்டை மடியில் வைத்தாள் சித்தி. மாமா வாசலிலிருந்தே, "மச்சான், எத்தன மாசம்?" என்றார். வீடே அதிர்ந்தது. யாரோ ஒரு அண்ணி நிஜமாகவே கண்ணாடி வளையலை எடுத்துக்கொண்டு வந்தாள். என் மணிக்கட்டுக்கு அது பாதிகூட ஏறவில்லை.

அக்கா எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கால் வீங்கி, கண் மஞ்சளாக, முகம் சுண்டிப்போயிருந்தாள். வளையலைப் பார்த்ததும் சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. நான் புளிச்சோற்றை வாய் நிறைய அடைத்துக்கொண்டு கர்ப்பிணி மாதிரி இடுப்பைப் பிடித்துக்காட்டினேன். அவள் இன்னும் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக நான் ஐந்து வகையையும் இரண்டு சுற்று சாப்பிட்டேன். அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் மூன்றாவது சுற்றும் போயிருப்பேன்.

நாலாவது வாரம் ஸ்கேன். டாக்டர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். கொழுப்பு குறையவில்லை. கூடியிருந்தது.

"சார், நான் கறி, முட்டய தொட்டே ஒரு மாசம் ஆச்சி சார்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. டாக்டர் என்னை டயட்டீஷியனிடம் அனுப்பினார். அந்தப் பெண் செல்போனைத் திறந்து, என் போட்டோக்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டியது.

"அங்கிள், இந்தக் கருவேப்பில ஒம்பது நாளா ஒரே எடத்துலயே இருக்கு."

கையும் களவுமாகப் பிடிபட்டு அசடு வழிந்தேன். மாமா என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். நிஜமாக என்ன சாப்பிட்டேன் என்று அந்தப் பெண் ஒவ்வொன்றாகக் கேட்டது. இட்லி, ரசம் சோறு, ஜூஸ், பலாப்பழம், கரும்புச்சாறு, கட்டுச்சோறு என்று எல்லாவற்றையும் கக்கினேன். "இதெல்லாம் மாவுச்சத்தும் சக்கரையும்தான் அங்கிள். வயித்துக்குள்ள போனா எல்லாமே சக்கரை. நடக்க, மூச்சு விட, யோசிக்க உடம்பு அத எரிக்கும். மிச்சத்துல கொஞ்சத்த கல்லீரல் சேத்து வச்சிக்கும். அந்த எடம் ரொம்ப சின்னது. அதுவும் நெறஞ்சிட்டா கல்லீரலே அத கொழுப்பா மாத்தி அங்கயே வச்சிக்கும். ஜூஸ்ல இருக்குற சக்கரை நேரா அங்கதான் போவும்."

எனக்கு என் குடோன் ஞாபகம் வந்தது. சீசனில் லோடு மேல் லோடாக இறக்குவோம். குடோன் நிறைந்ததும் வராந்தாவில் அடுக்குவோம், பிறகு கடைக்குள், பிறகு என் நாற்காலிக்கு அடியில். கடைசியில் ஆள் நடக்க வழியிருக்காது, வியாபாரம் நின்றுபோகும். வாங்குகிறவன் இல்லாமல் சரக்கு இறக்காதே என்று ஊருக்குச் சொல்கிறவன் நான்.

"அப்ப கொழுப்பு சாப்பிட்டா கொழுப்பு வராதா?" என்றேன். "அளவா சாப்பிட்டா உங்களுக்கு அது வேணும். எண்ணெயே இல்லாம கீர சாப்பிட்டா அதுல இருக்குற வைட்டமின்கூட சரியா உடம்புல சேராது. முட்டய ஏன் நிறுத்துனீங்க? உங்களுக்கு முட்டதான் வேணும்" என்றது. நான் ஒரு மாதம் வேண்டாம் என்று ஒதுக்கியதெல்லாம் வேண்டியது. வேண்டும் என்று விழுங்கியதெல்லாம் வேண்டாதது. யூரியா கொட்டுகிற எந்த விவசாயியும் இவ்வளவு மடத்தனம் பண்ணியதில்லை. மிச்சமிருந்த நாலு வாரத்தோடு இரண்டைச் சேர்த்து டாக்டர் இன்னும் ஆறு வாரம் தந்தார். அதற்கு மேல் அக்காவின் உடம்பு தாங்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். நான் ஆஸ்பத்திரிக் கழிப்பறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஏமாற்றியது அந்தப் பெண்ணை இல்லை, அக்காவை என்று அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் மஞ்சக்குப்பத்தில் அக்கா வீட்டில் இருந்தேன். மாமா அவளிடம் ரிசல்ட்டைச் சொல்லியிருந்தார், கருவேப்பிலையைச் சொல்லவில்லை. மதியம் அவள் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். நிற்க முடியாத உடம்போடு, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, வேலைக்காரம்மாவை வைத்து மீன் வாங்கி, குழம்பும் வறுவலும் செய்திருந்தாள். தட்டு நிறையச் சோறு, மேலே குழம்பு, பக்கத்தில் நாலு துண்டு வறுவல்.

"சாப்புடுடா" என்றாள். "ஒன்னால முடியலன்னா வுட்டுடு. சின்ன வயசுலேர்ந்து சாப்பாடுதான் ஒனக்கு சந்தோசம். நீ பட்டினி கெடந்து நான் பொழைக்கணும்னு ஒண்ணும் இல்ல."

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். எனக்கும் கோபம் வரும், சண்டை போட்டிருப்போம். அவள் நிஜமாகவே சொன்னாள். ஒரு பிள்ளைக்கு வீட்டுப்பாடத்திலிருந்து விடுதலை கொடுப்பது மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். குழம்பின் வாசனை மூக்கில் ஏறியது, வாயில் எச்சில் ஊறியது, அதை நினைத்து எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. தட்டைத் தள்ளினேன். அவள் போட்ட சோற்றை நான் தள்ளியது அதுதான் முதல்முறை.

"ஒரு கப் அளந்து போடுக்கா. மீன் ரெண்டு துண்டு, கீர ஒரு கிண்ணம்" என்றேன். அவள் உள்ளே போய் டீ குடிக்கிற கப் ஒன்றை எடுத்துவந்து, சோற்றை அளந்து, மேலே கத்தியால் வழித்துச் சமமாக்கிப் போட்டாள். கணக்கு டீச்சர் திரும்பி வந்துவிட்டாள்.

அந்த ஆறு வாரமும் என்னை மஞ்சக்குப்பத்தில் சிறை வைத்தார்கள். கடையை வீட்டுக்காரி பார்த்துக்கொண்டாள். என்னைவிட நன்றாகத் திட்டுகிறாள் என்று விவசாயிகள் போன் செய்து சொன்னார்கள். காலையில் மைதானத்தில் நடை. மாமா பின்னாலேயே வருவார், கையில் ஒரு விசில். நான் டீக்கடைப் பக்கம் ஒரு அடி சாய்ந்தால் ஊதுவார். மைதானத்தில் நடக்கிற ரிட்டயர்டு ஆட்கள் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். "சொந்தக்காரரா சார்?" என்று ஒருவர் கேட்டதற்கு மாமா, "இல்ல, ஸ்பேர் பார்ட்ஸ்" என்றார்.

காலையில் இரண்டு முட்டை, ஒரு தோசை. பதினொரு மணிக்கு மோர். மதியம் அந்தக் கப் சோறு, நெத்திலி, ஒரு கரண்டி எண்ணெயில் வதக்கின கீரை. சாயந்திரம் சுண்டல். பழம் வேண்டுமென்றால் பிழியாமல் கடித்துத் தின்ன வேண்டும்; நார்ச்சத்தோடு போனால் சர்க்கரை மெதுவாக இறங்கும், பசியும் சீக்கிரம் வராது. முதல் வாரம் எனக்குச் சோற்றுப்பானை கனவில் வந்தது. இரண்டாவது வாரம் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தேன். மூன்றாவது வாரம் குனிந்து என் செருப்பு வாரை நானே மாட்டினேன். சித்திக்கு விஷயம் தெரிந்து சேத்தியாத்தோப்பிலிருந்து பஸ்ஸில் வந்தாள். என் எதிரே உட்கார்ந்து, "சோறு போட்டு கெடுத்துட்டேனேடா" என்று மூக்கைச் சிந்தினாள். பிறகு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் நாட்டுக்கோழி முட்டையும் முருங்கைக்கீரையும் அவள் வீட்டிலிருந்து வந்தன.

அக்காவுக்கு நல்ல நாளும் இருந்தது, கெட்ட நாளும் இருந்தது. ஒரு கெட்ட நாளில் நான் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவந்து உட்கார்ந்ததும் அவள் மறுபடி தட்டோடு வந்தாள். "சாப்புடாம ஒக்காந்திருக்கியே, எடுத்துக்க" என்றாள். சாப்பிட்டுவிட்டேன் என்றேன். இல்லை என்றாள். பிடிவாதமாக நின்றாள். அவளிடம் விவாதம் செய்யக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாமா எழுந்துவந்து, "எனக்குத்தாம்மா பசி, அவன் அப்புறம் சாப்புடுவான்" என்று தட்டை வாங்கிக்கொண்டார். ஏற்கெனவே சாப்பிட்டிருந்த மனுஷன், வாழ்நாளில் இரண்டாவது முறை சோறு கேட்டிராத மனுஷன், அவள் பார்த்துக்கொண்டிருக்க ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தார். அந்த ஆறு வாரத்தில் நான் பதினோரு கிலோ இறங்கினேன், மாமா மூன்று கிலோ ஏறினார்.

கடைசி ஸ்கேனில் டாக்டர் சிரித்தார். டயட்டீஷியன் பெண் என்னைத் தட்டோடு நிறுத்தி அதுவே ஒரு போட்டோ எடுத்துக்கொண்டது. பத்து நாளில் ஆபரேஷன். பயமாக இருந்தது. ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது பெரிய வீரன் மாதிரி கையை ஆட்டினேன், லிப்ட் கதவு மூடியதும் வாய்விட்டு அம்மா என்று கூப்பிட்டேன். கண் விழித்தபோது மாமா என் காதருகே, "நல்லா இருக்கா மச்சான். ஒன் சரக்கு வேல செய்யுது" என்றார். நாலாம் நாள் அக்காவிடம் ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டிருக்கிறார். ஐம்பத்தாறு என்று சொல்லிவிட்டு, இதெல்லாம் ஒரு கேள்வியா என்று திட்டியிருக்கிறாள். அதைக் கேட்டு நான் சிரித்ததில் தையல் இழுத்துக்கொண்டு உயிர் போனது.

அதன் பிறகு மூன்று மாதம் இரண்டு பேருக்கும் ஒரே மெனு. வெட்டிய கல்லீரல் திரும்ப வளர வேண்டும், அதற்குப் புரதம் வேண்டும் என்று முட்டையும் பருப்புமாகத் தின்னச் சொன்னார்கள். இன்றைய தேதிக்கு இரண்டு பேருக்கும் வளர்ந்துவிட்டது. அக்கா பள்ளிக்கூடம் போகிறாள். எனக்கு நன்றி என்று ஒரு வார்த்தை அவள் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குப் பிடித்திருக்காது.

போன மாதம் சிதம்பரத்தில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். பந்தியில் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தொற்று வந்துவிடக்கூடாது என்று வீட்டுச் சாப்பாடுதான் இன்னும் அவளுக்கு அனுமதி, அதனால் அவள் முன்னால் இலை இல்லை, வெறும் தண்ணீர் பாட்டில்தான். நான் ஒழுங்காகத்தான் சாப்பிட்டேன். ஒரு கரண்டி சோறு, நிறையக் காய். பாயசம் மட்டும் ஒரு முறை வாங்கினேன், அது முடிந்ததும் வாளிக்காரர் மறுபடி வந்தார். நான் இலையைக் காட்டுவதற்குள் அக்கா குறுக்கே கையை நீட்டி என் இலையை மறைத்தாள்.

"அவனுக்கு வேணாம்."

"ஒரு கரண்டிக்கா" என்றேன். "அதான் நீ பொழச்சிட்டல்ல. இன்னும் என்னா காவலு? ரெண்டாவது தடவ எங்கிட்டேர்ந்து எடுக்க மாட்டாங்க, டாக்டர் அப்பவே சொல்லிட்டாரு."

நான் விளையாட்டுக்குத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, கையையும் எடுக்கவில்லை.

"எனக்கு ஒண்ணுன்னதும் நீ இருந்தடா" என்றாள். "ஒனக்கு ஒண்ணுன்னா நான் குடுக்க முடியாதுடா. எங்கிட்ட இருக்குறதே ஒன்னுதுதான்."

வாளிக்காரர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினேன். அவர் அடுத்த இலைக்குப் போனார்.